கோதுமை ஆகாதவர்கள் ஹோட்டலில் சாப்பிடுவது எப்படி: பெருங்காயம் முதல் பரோட்டாக் கல் வரை

காலையில் இட்லி, மதியம் சாதம், ராத்திரி தோசை என்று மூன்று வேளையும் அரிசியிலேயே ஓடிவிடும் ஊர் நம்முடையது. அதனால் ஒருவருக்கு சீலியாக் நோய் என்று மருத்துவர் சொன்னதும், "சப்பாத்தி, பரோட்டா, பிரெட் மூன்றையும் விட்டால் போதாதா? ஹோட்டலில் உனக்கு என்ன கஷ்டம்?" என்றுதான் சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள். பரோட்டாவை விடுவது சுலபம். சாம்பாரில் கரைந்துபோன மைதாவையும், தோசைக்கல்லில் ஒட்டியிருக்கும் ரவையையும், வடை எண்ணெயில் சுற்றிக்கொண்டிருக்கும் போண்டாத் துணுக்கையும் விடுவதுதான் கஷ்டம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோதுமையை ஹோட்டலில் எங்கே தேடுவது, யாரிடம் எப்படிக் கேட்பது, எதை நம்பிச் சாப்பிடலாம் என்பதே இங்கே விஷயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தேகத்தின் பேரில் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் சரியான முடிவைக் காட்டும். இன்னொன்று, கோதுமை அலர்ஜியும் சீலியாக்கும் வேறு வேறு. அலர்ஜியில் சில நிமிடங்களிலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரலாம்; அவர்கள் மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்தோடுதான் வெளியே கிளம்ப வேண்டும். சீலியாக் சத்தமில்லாமல் வேலை செய்யும். கோதுமை, பார்லி, ரை என்ற வெளிநாட்டுத் தானியம் மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உறிஞ்சிகளை அரித்துவிடும். வயிறு வலிக்காவிட்டாலும் சேதம் நடந்துகொண்டே இருக்கும். ஆகையால் "சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பது சாட்சியே இல்லை.

எவ்வளவு போனால் அதிகம்?

"ஒரு துளிதானே" என்று ஹோட்டலில் சொல்வார்கள். கணக்குத் தெரிந்திருந்தால் பதில் சொல்லலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாவிட்டால் மட்டுமே 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட அனுமதிக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான நோயாளிகளின் குடல் தாங்கும்; 50 மில்லிகிராம் தினமும் போனால் குடல் கெடும். இப்போது ஒரு டீஸ்பூன் மைதாவை எடுத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 3 கிராம். அதில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. அதாவது ஒரு நாள் அளவைப்போல 25 மடங்கு. பரோட்டாவிலிருந்து உதிரும் ஒரு சிட்டிகைத் தூளே கணக்கை முடித்துவிடும்.

பெருங்காயக் கணக்கு

தமிழ்நாட்டில் வெளியே சாப்பிடுகிறவர்களை அதிகமாக ஏமாற்றுவது பெருங்காயம்தான். கடையில் கிடைக்கும் கட்டியும் தூளும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் மிகவும் காரமானது, விலையும் அதிகம். அதனால் கோந்தும் ஏதாவது ஒரு மாவும் கலந்துதான் விற்பார்கள். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதா அல்லது கோதுமை மாவு. அரிசி மாவு கலந்ததும் சந்தையில் இருக்கிறது, டப்பாவின் பின்னால் படித்துப் பார்த்தால் தெரியும். ஹோட்டல் அடுப்படியில் எந்த டப்பா இருக்கிறது என்பதுதான் கேள்வி.

20 லிட்டர் சாம்பாருக்கு 20 கிராம் கூட்டுப் பெருங்காயம் போட்டார்கள், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். 10 கிராம் மைதாவில் சுமார் 850 மில்லிகிராம் குளூட்டன். லிட்டருக்கு 42 மில்லிகிராம் வருகிறது. அனுமதித்த 20-ஐப்போல இரண்டு மடங்கு. 150 மில்லி பிடிக்கும் ஒரு கரண்டி சாம்பாரில் 6 மில்லிகிராமுக்கு மேல். இரண்டு கரண்டி சாம்பார், ஒரு கரண்டி ரசம், மோரில் கொஞ்சம், ஊறுகாயில் கொஞ்சம் என்று மதியச் சாப்பாட்டிலேயே அன்றைய 10 மில்லிகிராம் தாண்டிவிடும். இலையில் கோதுமைப் பண்டம் ஒன்றுகூட இருக்காது. வருடக்கணக்கில் "சுத்தமாகப் பத்தியம் இருக்கிறேன், ஆனாலும் டி.டி.ஜி. (சீலியாக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு இறங்கவில்லை" என்று மருத்துவரிடம் போகிறவர்கள், வெளியே குடித்த ரசத்தையும் வீட்டுப் பெருங்காய டப்பாவையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், வெண்பொங்கல், மெதுவடை, அடை, புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதத் தாளிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: "பெருங்காயம் என்ன கம்பெனி? டப்பாவைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" டப்பாவைப் பார்க்காதவரை அதில் கோதுமை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன்: கடையையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

எந்தப் பண்டம் என்று யோசிப்பதற்கு முன் எந்தக் கடை என்று யோசியுங்கள். பரோட்டாவே போடாத கடையில் பரோட்டா மாவு பறக்காது. காலையில் இட்லி, தோசை, பொங்கலோடு முடித்துக்கொள்ளும் சின்ன மெஸ், மதியம் மட்டும் சாப்பாடு போடும் கடை, இடியாப்பமும் ஆப்பமும் மட்டும் விற்கிற கடை ஆகியவை நமக்கு நல்லவை. நூறு ஐட்டம் எழுதிய மெனு கார்டு உள்ள கடையில், ஒரே அடுப்படியில் நூடுல்ஸ், நாண், பூரி, கட்லெட் எல்லாம் ஓடும். பளபளப்பான கடை என்பதால் அது பாதுகாப்பு ஆகிவிடாது.

நேரமும் முக்கியம். கடை திறந்த முதல் அரை மணி நேரம் பொன்னானது: கல் புதிது, எண்ணெய் புதிது, கரண்டிகள் இன்னும் மாறிப் போகவில்லை. மாலை 6 மணிக்கு மேல் பரோட்டா மாஸ்டர் மாவு வீசத் தொடங்கிவிட்டால் அந்தக் கல் பக்கமே போக வேண்டாம். போனில் விசாரிப்பதாக இருந்தால் காலை 11 மணிக்கோ, பிற்பகல் 3 முதல் 5 மணிக்குள்ளோ கூப்பிடுங்கள். மதியம் 1 மணிக்குக் கூப்பிட்டால், யாராக இருந்தாலும் "எல்லாம் இருக்கு, வாங்க சார்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார்கள்.

ஒரு சின்னப் பை தயாராக இருக்கட்டும். வீட்டில் அரைத்த இட்லிப் பொடி (பெருங்காயம் சேர்க்காதது அல்லது அரிசி மாவு கலந்த பெருங்காயம் போட்டது), 50 மில்லி நல்லெண்ணெய், கசியாத டப்பாவில் ஒரு குழம்பு அல்லது தொக்கு, ஒரு ஸ்பூன், ஒரு அலுமினியத் தாள். பொடியும் எண்ணெயும் கையில் இருந்தால் தமிழ்நாட்டின் எந்தப் பேருந்து நிலையத்திலும் நான்கு இட்லியோடு பசியாறிவிடலாம். தொக்கு இருந்தால் வெறும் சாதமும் ஒரு கப் தயிரும் வாங்கி மதியத்தை ஓட்டிவிடலாம். தாள் எதற்கென்று தோசைக்கல் பகுதியில் பார்ப்போம்.

யாரிடம், எப்படிக் கேட்பது

'குளூட்டன்' என்ற சொல்லை ஹோட்டலில் எடுக்கவே வேண்டாம். பத்துப் பேரில் ஒன்பது பேர் 'குளுக்கோஸ்' என்று எடுத்துக்கொண்டு, "சர்க்கரை போடாமத் தரேன் சார்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் காணப்பட்ட சீலியாக், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவில்தான் இருந்தது. டெல்லியில் ஓரளவு பழகிய பெயர் இங்கே அடுப்படிக்கு வந்து சேரவில்லை.

"கோதுமை இருக்கா?" என்பதும் சரியான கேள்வி இல்லை. "இல்ல சார்" என்று வரும் பதில் பொய்யும் இல்லை. மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று பலருக்குத் தோன்றாது. ஆகவே நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அதைவிட நல்லது, ஆம்-இல்லை என்று பதில் சொல்ல இடம் தராத கேள்வி: "தோசை மாவுல என்னென்ன போட்டு அரைக்கிறீங்க?" அப்போதுதான் "அரிசி, உளுந்து, வெந்தயம், அப்புறம் முறுகலா வரணும்னு கொஞ்சம் ரவை" என்ற உண்மை வெளியே வரும்.

சப்ளையருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. சாம்பார், சட்னி, குருமா செய்பவர் சரக்கு மாஸ்டர். கல்லில் நிற்பவர் தோசை மாஸ்டர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம், "அண்ணே, உடம்புக்கு ஒரு பிரச்சினை, மாஸ்டர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கலாமா?" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மாஸ்டரிடம் பேச்சு இப்படிப் போகலாம்:

"மாஸ்டர், எனக்குக் கோதுமை, மைதா, ரவை கொஞ்சம் பட்டாலும் குடல் புண்ணாயிடும். டாக்டர் ஆயுசுக்கும் கூடாதுன்னுட்டாரு. நான் என்ன சாப்பிடலாம், நீங்களே சொல்லுங்க."

"இட்லி சாப்பிடுங்க சார். சுத்த அரிசி மாவு."

"சரிங்க. சாம்பார்ல பெருங்காயம் கட்டியா, தூளா? டப்பா இருக்கா?"

"தூளு. இந்தாங்க."

"இதுல மைதா போட்டிருக்கு மாஸ்டர். சாம்பார் வேண்டாம். தேங்காய் சட்னில தாளிப்புக்கு இது போட்டீங்களா?"

"சட்னிக்குப் போடல. கடுகு, உளுந்து, கறிவேப்பிலைதான்."

"அப்ப அதுவும் இட்லியும் போதும். இட்லியை ஈடு இறக்கினதும் நேரா இலைல வச்சுடுங்க."

"நான் என்ன சாப்பிடலாம், நீங்களே சொல்லுங்க" என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வந்தவர் என்ற எண்ணம் அதில் போய்விடும், தன் சமையலை மாஸ்டரே நினைத்துப் பார்த்துச் சொல்வார்.

பேச முடியாத இடத்தில், நெரிசலில், கல்யாண வீட்டில் காட்டுவதற்கு ஒரு அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: "எனக்குக் கோதுமை பட்டால் குடல் புண்ணாகும் நோய் இருக்கிறது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பிரெட் தூள், பார்லி, சோயா சாஸ், மாவு கலந்த பெருங்காயம் எதுவும் கூடாது. அரிசி, உளுந்து, பருப்பு, கடலை மாவு, கார்ன்ஃப்ளோர், பால், முட்டை, கறி, மீன், காய்கறி சாப்பிடலாம். பரோட்டா, ரவா தோசை போட்ட கல்லிலும், பூரி, போண்டா பொரித்த எண்ணெயிலும் செய்ய வேண்டாம். கழுவிய கரண்டியால் எடுத்துத் தாருங்கள்." சாப்பிடக்கூடியவற்றையும் எழுதுவது அவசியம். கூடாதவை மட்டும் எழுதியிருந்தால் சமையல்காரர் மலைத்துப்போய் "எதுவும் இல்லை" என்று சொல்லிவிடுவார்.

தோசைக்கல்லில் நடப்பது

ஹோட்டல் தோசைக்கல் நீளமான இரும்புப் பலகை. ஒரே நேரத்தில் நான்கைந்து தோசை வேகும். சாதாத் தோசைக்கு மாவை ஊற்றி வட்டமாக இழுப்பார்கள். ரவா தோசை அப்படி இல்லை. ரவை, மைதா, அரிசி மாவு மூன்றையும் மோர்போலக் கரைத்து, உயரத்திலிருந்து வாரி இறைப்பார்கள். அப்போதுதான் சல்லடைபோல ஓட்டை விழும். இறைக்கும்போது துளிகள் பக்கத்துத் தோசை மேலும் விழும். தோசையை எடுத்ததும் மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளிப்பார், ஈர்க்குச்சித் துடைப்பத்தால் ஓரத்துக்குக் கூட்டித் தள்ளுவார். ரவா தோசைப் பிசிறைத் தள்ளிய அதே துடைப்பம்தான் அடுத்து உங்கள் தோசைக்கான இடத்தையும் துடைக்கும். அதே திருப்பிதான் உங்கள் தோசைக்கு அடியிலும் நுழையும்.

"அந்தச் சூட்டுல எல்லாம் எரிஞ்சு போயிடும் சார்" என்பார்கள். கிருமிக்கு அது பொருந்தும். குளூட்டன் கிருமி இல்லை. வெந்தாலும் பொரிந்தாலும் கருகினாலும் அதன் தொல்லை போகாது.

ஆகவே தோசை வேண்டுமென்றால் வரிசை இது. முதலில் மாவில் ரவை, மைதா இல்லை என்று உறுதி செய்யுங்கள். அடுத்து, இந்தக் கல்லில் இன்று ரவா தோசையோ கோதுமை தோசையோ சப்பாத்தியோ போட்டார்களா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் தைரியமாகத் தோசை ஆர்டர் சொல்லுங்கள். போட்டிருந்தால், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் மட்டும் இப்படிக் கேட்கலாம்: கல்லைத் திருப்பியால் நன்றாகச் சுரண்டி, தண்ணீர் ஊற்றி, துடைப்பத்துக்குப் பதிலாகச் சுத்தமான ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, கழுவிய திருப்பியால் எடுக்க வேண்டும். ஊத்தப்பம் அல்லது அடைபோலச் சின்ன வட்டமாக இருந்தால், நீங்கள் கொண்டுபோன அலுமினியத் தாளைக் கல்லில் விரித்து எண்ணெய் தடவி அதன் மேல் ஊற்றச் சொல்லலாம். மாஸ்டருக்கும் வேலை மிச்சம். கூட்ட நேரமென்றால் தோசையை விட்டுவிட்டு இட்லிக்குப் போய்விடுங்கள். பத்துப் பேர் காத்திருக்கும்போது கல்லைக் கழுவச் சொன்னால், கழுவியதுபோல் ஒரு துடை துடைத்துத் தருவார்கள், அவ்வளவுதான்.

பரோட்டாக் கல்லுக்கு இந்த வைத்தியம் கிடையாது. மதுரைப் பக்கத்து இரவுக் கடைகளில் பரோட்டா, கொத்து, கறி தோசை, சுக்கா வறுவல், ஆம்லெட், கலக்கி எல்லாம் ஒரே கல்லில்தான். ஆம்லெட்டில் முட்டையும் வெங்காயமும்தானே என்று வாங்குகிறவர்கள், அது எந்தக் கல்லில் ஊற்றப்பட்டது என்று பார்ப்பதில்லை. அங்கே அவித்த முட்டை கேளுங்கள். ஓட்டை நீங்களே உரித்துக்கொள்ளுங்கள்.

பண்டம் பண்டமாக

இட்லிதான் நம் முதல் துணை. ஒன்றைமட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அரிசியா, ரவா இட்லியா? 'இட்லி ரவை' என்பது உடைத்த அரிசி, அதில் பயமில்லை. வெண்பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் நெய்யும் நல்லவை, பெருங்காயம் மட்டும் விசாரணைக்குரியது. தவிர, பல கடைகளில் பொங்கலும் கிச்சடியும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திரம், கரண்டி ஒன்று. மெதுவடைக்கு மூன்று தடை: பெருங்காயம், மொறுமொறுப்புக்குச் சேர்க்கும் ரவை, பூரி பொரித்த எண்ணெய். வடையை வீட்டில் சுட்டுக்கொள்வதே மேல். இடியாப்பம், புட்டு, ஆப்பம் மூன்றும் அரிசி மாவில் செய்தால் நல்லவை. ஆப்ப மாவில் மைதா சேர்க்கிற இடங்களும் உண்டு, கேட்க வேண்டும்.

சிறுதானியத்தை நம்பிப் போகிறவர்கள் அதிகம். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் மாவு மில்லில் கோதுமை அரைத்த அதே கல்லில் கேழ்வரகையும் அரைத்தால், முதலில் விழும் மாவில் கோதுமை கலந்திருக்கும். கேழ்வரகு தோசை பிய்ந்து போகாமல் இருக்கக் கோதுமை மாவு சேர்ப்பவர்களும் உண்டு. 'மல்டி கிரெய்ன்', 'சத்துமாவு' என்று எழுதியிருந்தால் அதில் கோதுமை இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ் இட்லியையும் விடுங்கள். சாதாரண ஓட்ஸ் விளையும் இடத்திலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துதான் வருகிறது.

மதியச் சாப்பாட்டில் சாதம், நெய், தேங்காய் போட்ட பொரியல், தாளிக்காத தயிர் எல்லாம் சரி. கூட்டில் பெருங்காயம் கேளுங்கள். அப்பளம் உளுந்துதான் என்றாலும் பொரித்த எண்ணெய் எது என்பது முக்கியம். மைதா கலந்த மலிவான அப்பளமும் சந்தையில் இருக்கிறது. பாயசம் சேமியாவா, பால்-அரிசியா, பருப்பா என்று இலை போடுமுன்பே சொல்லிவிடுங்கள். பரிமாறுகிறவர் வேகமாக வந்து ஊற்றிவிட்டால் இலை முழுவதும் ஓடும். ஒரே வாளி வரிசையில் வரும் பரிமாறலைவிட, கிண்ணங்களில் தனித்தனியாக வரும் அளவுச் சாப்பாடு நமக்கு ஏற்றது.

அசைவத்தில் மீன் குழம்பும் நாட்டுக்கோழிக் குழம்பும் பெரும்பாலும் பிரச்சினை தருவதில்லை. ஆனால் பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றும் கரண்டி குழம்புச் சட்டிக்குள் போய்வருகிறதா என்று பாருங்கள். சிக்கன் 65, மீன் வறுவல் இரண்டிலும் மேல்மாவு மைதாவா கார்ன்ஃப்ளோரா என்று கேட்க வேண்டும். பிரியாணியில் அரிசி, கறி, தயிர், மசாலாதான். அதோடு தட்டில் வைக்கும் பிரெட் அல்வாவைத் தட்டுக்கே வரவிடாதீர்கள். தம் போடும்போது அண்டாவின் வாயைக் கோதுமை மாவால் ஒட்டி அடைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு, அங்கே ஓரத்துப் பிரியாணியை விட்டு நடுவில் அள்ளித் தரச் சொன்னாலும் உதிர்ந்த மாவுத் துணுக்கு கலந்திருக்கும். வேறு கடை பாருங்கள்.

சைனீஸ் பக்கம் போகவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சோயா சாஸே வழக்கமாகக் கோதுமை சேர்த்துப் புளிக்க வைப்பது. நூடுல்ஸ் வதக்கிய சட்டியில்தான் ஃப்ரைட் ரைஸும் வரும். கோபி மஞ்சூரியனில் மேல்மாவு, சாஸ், எண்ணெய் மூன்றும் சேர்ந்து கெடுக்கும். தந்தூரி அடுப்பில் கோழி கம்பியில் தொங்கினாலும் அதே அடுப்புச் சுவரில் நாண் ஒட்டுவார்கள். காய்ந்த மாவு உதிர்ந்துகொண்டே இருக்கும்.

டீக்கடையில் டீ, ஃபில்டர் காபி, சிக்கரி கலந்தது உட்பட, தாராளமாகக் குடிக்கலாம். ஹார்லிக்ஸ், பூஸ்ட் போன்ற மால்ட் பானங்கள் கூடாது, மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. பீரும் அதனால்தான் ஆகாது. பஜ்ஜி கடலை மாவுதான், ஆனால் அதே எண்ணெயில் சமோசா வேகும்.

இனிப்பில் பெயரை நம்பாதீர்கள். ஜாங்கிரி உளுந்து, ஜிலேபி மைதா. பார்க்க இரண்டும் அக்கா தங்கை. திருநெல்வேலி அல்வா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துக் கிண்டுவது, தொடவே கூடாது. லட்டு கடலை மாவுப் பூந்தி, ரவா லட்டு வேறு. அதிரசம் அரிசி மாவு. பாதுஷா, சோமாஸ், குலாப்ஜாமூன், போளி நான்கும் மைதா. கோவில்பட்டி கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லமும். பழனிப் பஞ்சாமிர்தம் வாழைப்பழம், வெல்லம், நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பயணம் போகிறவர்களுக்கு இந்த இரண்டும் பெரிய ஆறுதல். மணப்பாறை முறுக்கு அரிசி மாவுதான் என்றாலும் பெருங்காயம் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கல்யாணப் பந்தி, ரயில், பார்சல்

கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் நேரம் கடந்துவிட்டது. முந்தின நாளே வீட்டார் மூலம் சமையல் காண்ட்ராக்டரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: வேகவைத்த பருப்பில் பெருங்காயம் போடுமுன் ஒரு கிண்ணம் எடுத்து வைக்க வேண்டும், பொரியலும் சாதமும் முதல் பந்திக்கு முன்பே ஒரு கேரியரில் எடுத்து வைக்க வேண்டும். நெய் ஊற்றிய பருப்பு சாதம், பொரியல், தயிர், வாழைப்பழம் என்று கௌரவமாகச் சாப்பிட்டு எழுந்திருக்கலாம். பெரியவர்கள், "ஒரு வாய் அல்வா, இன்னைக்கு ஒரு நாள் ஒண்ணும் பண்ணாது" என்று அன்போடு வற்புறுத்துவார்கள். "சித்தி, டாக்டர் ஆயுசுக்கும் வேண்டாம்னு சொல்லிட்டாரு. அந்த லட்டு மட்டும் ஒண்ணு குடுங்க" என்று வேறொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால், தட்டிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றாது. லட்டு எதில் செய்தது என்று அதற்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

ரயிலில் விற்கும் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் பெருங்காயத் தாளிப்போடு வருவதால் அவற்றை நம்பாமல், முதல் இரண்டு வேளைக்குக் கையிலேயே எடுத்துப் போங்கள். பொடி தடவிய இட்லி ஒரு நாள் தாங்கும்.

பார்சலில் ஆப் வழியாக எழுதும் குறிப்புகளை அடுப்படியில் யாரும் படிப்பதில்லை என்ற எண்ணத்தோடே ஆர்டர் செய்யுங்கள். கடைக்கு நேரே போன் செய்து உறுதி செய்தால் ஒழிய கலவையான பண்டம் வேண்டாம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் நடத்தும் உணவகங்கள் ஒவ்வாமைப் பொருள் விவரத்தை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் சொல்கின்றன. பெரிய கடைகளில் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியல் சேர்க்கப்பட்ட பொருளைத்தான் சொல்லும், கல்லையும் எண்ணெயையும் சொல்லாது.

இலங்கைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே இடியப்பமும் பிட்டும் அரிசி மாவில் மட்டும் செய்வதில்லை. வெள்ளை இடியப்பம் பல இடங்களில் அவித்த கோதுமைமாவில்தான். பிட்டுக்கும் இரண்டு மாவையும் கலப்பார்கள். "அரிசிமா இடியப்பமா, கோதுமைமாவா?" என்று கேட்டால் உடனே தெளிவாகச் சொல்வார்கள், இரண்டுமே அங்கே பழகிய பண்டம். சிவப்பரிசி மாவு என்று சொன்னாலும், தனி அரிசிமாதானா கலப்பா என்று ஒரு வார்த்தை கூடக் கேளுங்கள்.

தவறிப் போய்விட்டால்

கவனித்தும் சில நேரம் உள்ளே போய்விடும். வாந்தி எடுக்க முயல வேண்டாம், முறிவு மருந்து என்று ஒன்றும் கிடையாது. 'குளூட்டனைச் செரிக்கும் மாத்திரை' என்று விற்பவற்றை நம்பி அடுத்த முறை துணிந்து சாப்பிடவும் கூடாது. வயிற்றுப்போக்கு இருந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசல், கஞ்சி, மோர் (வீட்டு மோர், பெருங்காயம் இல்லாமல்), ஓய்வு. ரத்தம் கலந்து போனாலோ, நீர் வறண்டு தலைசுற்றினாலோ, குழந்தைக்கு வந்தாலோ மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள்.

தேதி, கடை, நேரம், சாப்பிட்டது, மாஸ்டரிடம் கேட்டது, அறிகுறி தொடங்கிய நேரம் ஆறையும் அன்றே குறித்து வையுங்கள். அடுத்த டி.டி.ஜி. பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தாளும் கூடவே போகட்டும். ஒத்துக்கொண்ட கடைகளையும் அதே தாளில் எழுதுங்கள்: எந்த மாஸ்டர், எத்தனை மணிக்கு, எந்தப் பண்டம். மாஸ்டர் வேறு கடைக்கு மாறிவிட்டார் என்று தெரிந்தால், பழைய கடையில் பெருங்காய டப்பாவிலிருந்து மறுபடியும் விசாரணையைத் தொடங்குங்கள்.